பெயர் வேறு, கோப்பு வேறு

லினக்ஸில் பல வருஷமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை விண்டோஸுக்குக் கொண்டுபோகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பயனர் மாற்றும் அமைப்புகளை ஒரு கோப்பில் எழுதி வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. கம்பைல் ஆகிவிட்டது. திறக்கிறது. முதல் முறை ‘சேமி’ என்று அழுத்தினால் சேமிக்கவும் செய்கிறது. இரண்டாவது முறை அழுத்தினால் முடியாது என்கிறது. அதே நிரல், அதே கோப்பு, அதே பொத்தான். முதல் முறை நடந்தது இரண்டாவது முறை ஏன் நடக்கவில்லை? டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பின்னாலேயே நடந்தால், இயங்குதளங்கள் கோப்புகளைப் பற்றி எவ்வளவு வேறுவேறாக நினைக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

முதலில் அந்தப் பொத்தானுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பழைய கோப்பைத் திறந்து அதன் மேலேயே எழுதும்போது பாதியில் கரண்ட் போனால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றாகிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் சுற்றுவழியில் போவார்கள். பக்கத்திலேயே ஒரு தற்காலிகக் கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் அதில் எழுதுவார்கள். எழுதி முடித்ததும், பழைய கோப்பின் பெயரை அந்தத் தற்காலிகக் கோப்புக்கு வைத்துவிடுவார்கள். எந்த நொடியில் என்ன ஆனாலும் அந்தப் பெயரில் ஒரு முழுக் கோப்பு இருக்கும், பழையதாகவோ புதியதாகவோ. கணக்கு அப்படி.

இந்த மாதிரிப் பிழை வந்தால் பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது சாய்கோட்டைத்தான். லினக்ஸில் ஃபோல்டர்களைப் பிரிக்க / போடுகிறோம், விண்டோஸில் \ போடுகிறோம், அங்கேதான் இடிக்கிறது என்பார்கள். இந்தச் சாய்கோட்டுக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 1981-இல் வந்த முதல் டாஸில் ஃபோல்டர் என்பதே கிடையாது. / குறியைக் கட்டளைகளுக்கு விருப்பத் தேர்வு கொடுக்கப் பயன்படுத்தினார்கள். 1983-இல் டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது அந்தக் குறி ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தது. அதனால் எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு. ஆனால் நிரலுக்குள்ளிருந்து / போட்டுக் கேட்டாலும் விண்டோஸ் பெரும்பாலும் தானே மாற்றிக்கொண்டு கோப்பைத் திறந்து கொடுத்துவிடும். சாய்கோட்டுப் பிழை கண்ணுக்குத் தெரியும், ஒரு மத்தியானத்தில் சரிசெய்துவிடலாம். நம் பிழை அந்த ரகம் இல்லை.

நம் எல்லோருக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது: கோப்பின் பெயர்தான் கோப்பு. திரையில் ஒரு படம், அதன் கீழே ஒரு பெயர். அந்தப் பெயரை அழித்தால் கோப்பு அழிந்தது, மாற்றினால் கோப்பு மாறியது. வருஷக்கணக்காக நிரல் எழுதுகிறவர்கள் மனசிலும் இதுதான் ஓடிக்கொண்டிருக்கும். இதை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் பிடிபடும்.

சென்னையில் பல வீட்டு வாசலில் ‘பழைய எண் 14, புதிய எண் 31’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண் இரண்டு, வீடு ஒன்று. வீடு என்பது சுவரும் கூரையும்; எண் என்பது கார்ப்பரேஷன் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸும் மேக்கும் கோப்பை இப்படித்தான் பார்க்கின்றன. 1970 வாக்கில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் போட்ட அடித்தளம் அது. கோப்பின் அளவு, உரிமையாளர், தேதிகள், டிஸ்க்கில் எந்தெந்தத் துண்டுகளில் அது கிடக்கிறது என்ற விவரம் எல்லாம் ஐநோடு என்ற ஒரு குறிப்பில் இருக்கும். அந்தக் குறிப்பில் பெயர் மட்டும் இருக்காது. பெயர், ஃபோல்டரில் இருக்கிறது. ஃபோல்டர் என்பது ஒரு பதிவேடு: இந்தப் பெயருக்கு இந்த எண்ணுள்ள ஐநோடு, அவ்வளவுதான். ஒரே ஐநோடுக்கு இரண்டு பெயர்கள் இரண்டு ஃபோல்டர்களில் இருக்கலாம். எது அசல், எது நகல் என்ற பேச்சே இல்லை.

இப்போது லினக்ஸில் ஒரு கோப்பை அழித்தால் என்ன நடக்கும்? பதிவேட்டில் ஒரு வரியை அடிக்கிறோம். வீட்டை இடிக்கவில்லை. உள்ளே குடியிருப்பவர் இருந்தால், அதாவது அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் ஏதாவது இருந்தால், அது பாட்டுக்குப் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கும். கடைசிப் பெயரும் போய், கடைசிக் குடியும் காலி செய்த பிறகுதான் வீடு இடிபடும். இடம் திரும்பக் கிடைக்கும்.

சர்வர் பார்த்துக்கொள்கிறவர்களிடம் கேட்டால் இதற்கு நேரடி சாட்சி சொல்வார்கள். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வரும். பார்த்தால் ஒரு லாக் கோப்பு பல ஜிபி வளர்ந்திருக்கும். அதை அழிப்பார்கள். டிஎஃப் கட்டளை இன்னும் நிரம்பித்தான் இருக்கிறது என்று காட்டும். டியூ கட்டளையோ கோப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்து, அவ்வளவு எதுவும் இல்லையே என்று சொல்லும். இரண்டும் பொய் சொல்லவில்லை. டியூ பெயர்களைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறது. டிஎஃப் டிஸ்க்கில் பிடித்திருக்கும் இடத்தைச் சொல்கிறது. பெயரில்லாத ஒரு கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்துக்கொண்டு அதில் எழுதிக்கொண்டிருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளை அது யார் என்று காட்டிக்கொடுக்கும். அந்த நிரலை நிறுத்தி மறுபடி கிளப்பினால் அத்தனை ஜிபியும் ஒரே நொடியில் திரும்பி வரும்.

விண்டோஸுக்கு வருவோம். அங்கே ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போதே ஒப்பந்தம் எழுதப்படுகிறது. நான் உள்ளே இருக்கும்போது பிறர் படிக்கலாமா? பிறர் எழுதலாமா? பிறர் இதை அழிக்கவோ பெயர் மாற்றவோ செய்யலாமா? மூன்று கேள்விகள். மூன்றாவதற்குச் சரி என்று சொல்லாவிட்டால், அந்த நிரல் மூடும்வரை யாரும் அந்தப் பெயரைத் தொட முடியாது. ‘வேறொரு நிரல் இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது’ என்று கையை விரிக்கும் எரர் எண் 32 இங்கிருந்துதான் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், சி மொழியின் வழக்கமான எஃப்ஓப்பனும் பைத்தானின் ஓப்பனும் விண்டோஸில் அந்த மூன்றாவது அனுமதியைக் கொடுப்பதில்லை. நிரல் எழுதியவருக்கே தெரியாமல் அவர் பெயரில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடுகிறது.

மூன்றாவது அனுமதியைக் கொடுத்திருந்தாலும் பழைய விண்டோஸில் இன்னொரு சிக்கல் இருந்தது. அழி என்று சொன்னால், ‘அழிக்கப்படவிருக்கிறது’ என்று குறித்து வைத்துக்கொள்ளும். கடைசி ஆள் மூடும்வரை பெயர் அங்கேயே இருக்கும். அந்த இடைவெளியில் அதே பெயரில் புதுக் கோப்பை உருவாக்கப் போனால் அனுமதி இல்லை என்று பதில் வரும். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில், விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் உள்ள டிஸ்க்கில், யூனிக்ஸ் மாதிரியே பெயரை உடனே எடுத்துவிடும் வழி வந்துவிட்டது. ஆனால் அப்போதும் உள்ளே இருப்பவர் மூன்றாவது அனுமதியைக் கொடுத்திருக்க வேண்டும்.

இதில் எந்தப் பக்கம் நியாயம் என்று கேட்கத் தோன்றும். இரண்டு பக்கமும்தான். லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்புகளையே அடியிலிருந்து மாற்றிப் புதுப்பித்துவிடலாம், மெஷினை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய கோப்பிலேயே குடியிருக்கும். புதுப்பித்துப் பாதுகாப்பு ஓட்டையை அடைத்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம். அதை மறுபடி கிளப்பும்வரை பழைய ஓட்டையோடுதான் அது ஓடும். விண்டோஸில், உள்ளே ஆள் இருக்கும் கோப்பை மாற்ற முடியாததால், அடுத்த தடவை மெஷின் கிளம்பும்போது இதை மாற்று என்று ஒரு பட்டியலில் எழுதி வைக்கும் வசதி இருக்கிறது. புதுப்பித்த பிறகு ரீஸ்டார்ட் கேட்டு நம் பொறுமையைச் சோதிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பதிலுக்கு, நாம் திறந்து வைத்திருக்கும் கோப்பை நமக்குத் தெரியாமல் யாரும் உருவிவிட மாட்டார்கள்.

இப்போது நம் ‘சேமி’ பொத்தானுக்குத் திரும்பலாம். அதன் கடைசிப் படி பெயர் மாற்றுவது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் என்ன செய்வது? யூனிக்ஸ்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் தெளிவாகச் சொல்கிறது: பதிவேட்டில் அந்த வரியை ஒரே வீச்சில் புதிய கோப்பின் பக்கம் திருப்பிவிடு; நடுவில் அந்தப் பெயர் இல்லாத கணம் ஒன்று இருக்கவே கூடாது. சி மொழித் தரமோ, அது அந்தந்த இயங்குதளத்தின் விருப்பம் என்று ஒதுங்கிக்கொள்கிறது. விண்டோஸில் சி மொழியின் ரீநேம், அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் மறுத்துவிடும். முதல் முறை சேமித்தபோது பழைய கோப்பே இல்லை, அதனால் நடந்தது. இரண்டாவது முறை இருந்தது, அதனால் நடக்கவில்லை.

இதைப் பார்த்ததும் கை தானாக ஒரு வைத்தியம் செய்யும்: முதலில் பழையதை அழி, அப்புறம் பெயர் மாற்று. ஓடும். ஆனால் அழித்ததற்கும் மாற்றியதற்கும் நடுவே கரண்ட் போனால் அந்தப் பெயரில் எதுவுமே இல்லை. எதற்காகச் சுற்றுவழியில் வந்தோமோ அதையே தொலைத்துவிட்டோம். விண்டோஸிலேயே மூவ்ஃபைல்இஎக்ஸ் என்றொரு அழைப்பு இருக்கிறது; இருப்பதை மாற்றிப் போடு என்று அதற்குச் சொல்லலாம். பைத்தானில் இந்த வித்தியாசத்தை மறைக்கத்தான் 3.3 பதிப்பிலிருந்து ஓஎஸ்.ரீப்ளேஸ் வந்தது. பழைய ஓஎஸ்.ரீநேம் லினக்ஸில் ஒரு மாதிரி, விண்டோஸில் இன்னொரு மாதிரி நடந்துகொள்ளும். ரீப்ளேஸ் இரண்டிலும் மாற்றியே போடும்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால், நூற்றில் ஒரு தடவை மறுபடி எரர் வரும். நம் நிரலைத் தவிர வேறு எதுவும் அந்தக் கோப்பைத் தொடவில்லை என்று சத்தியம் செய்வோம். ஆன்டிவைரஸ் தொட்டிருக்கும். புதிதாக ஒரு கோப்பு பிறந்தால் அதைத் திறந்து முகர்ந்து பார்ப்பதுதான் அதன் வேலையே. தேடலுக்காகப் பட்டியல் போடும் நிரலும், பேக்கப் எடுக்கும் நிரலும் அப்படித்தான். எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் விண்டோஸ் பகுதியைத் திறந்து பார்த்தால் இதற்கான ஏற்பாட்டைக் காணலாம். கோப்பு வேலை ஒன்று இப்படி மறுக்கப்பட்டால் அது உடனே தோல்வி என்று சொல்லிவிடாது. 25 மில்லிசெகண்ட் காத்திருந்து மறுபடி முயலும். ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். வழக்கமான அமைப்பில் 10 முறை வரை. ஆன்டிவைரஸ்காரருக்கு வேலையை முடித்துக்கொண்டு கிளம்ப அவகாசம் கொடுக்கிறது. அந்த நிரலின் யூனிக்ஸ் பகுதிக்கு இப்படி ஒரு காத்திருப்பு தேவைப்படவில்லை.

பெயர் என்பது பதிவேட்டில் ஒரு வரி என்று புரிந்துகொண்டோம். அடுத்த கேள்வி இயல்பாகவே வருகிறது: இரண்டு பெயர்கள் ஒன்றா, வேறா என்று யார் முடிவு செய்கிறார்கள்? லினக்ஸுக்குப் பெயர் என்பது பைட்களின் வரிசை. ஒரு பைட் மாறினாலும் வேறு பெயர். விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். நாம் எழுதியபடி நினைவில் வைத்திருக்கும், தேடும்போது மட்டும் வித்தியாசம் பார்க்காது. லினக்ஸ் கெர்னலின் மூல நிரலிலேயே இதற்கு உதாரணம் உண்டு. நெட்வொர்க் வடிகட்டும் பகுதியில் எக்ஸ்டி_டிஎஸ்சிபி என்ற பெயரில் நெடுங்காலமாக இரண்டு கோப்புகள்: ஒன்றில் கடைசி நான்கு எழுத்தும் பெரியவை, மற்றதில் சின்னவை. பெரிய எழுத்துக் கோப்பு பாக்கெட்டின் குறியை மாற்றும், சின்ன எழுத்துக் கோப்பு குறியைச் சரிபார்க்கும். இதை மேக்கில் சாதாரண டிஸ்க்கில் இறக்கினால் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும்.

அசௌகரியத்தோடு போனால் பரவாயில்லை. 2014 டிசம்பரில் இதே வித்தியாசம் ஒரு பாதுகாப்பு ஓட்டையாக வெளிப்பட்டது. கிட் என்ற மென்பொருள் தன் சொந்த அமைப்புகளைப் புள்ளியோடு தொடங்கும் ‘.கிட்’ என்ற ஃபோல்டரில் வைத்திருக்கும். பிறர் அனுப்பும் தொகுப்பில் அந்தப் பெயரில் எதுவும் வந்தால் ஏற்காது. ஆனால் அதே பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினால், இது வேறு பெயர் என்று கிட் விட்டுவிடும். விண்டோஸோ மேக்கோ, இது அதே பெயர் என்று அந்த ஃபோல்டருக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிடும். அங்கே கட்டளைகளை ஒளித்து வைத்தால் அவை ஓடிவிடும். மேக்கின் அன்றைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், கண்ணுக்குத் தெரியாத சில யூனிகோடு குறிகளைப் பெயரில் கண்டுகொள்ளாமல் விட்டதால், அந்த வழியிலும் நுழைய முடிந்தது. காவல்காரர் ஒரு விதமாகவும் பதிவேட்டுக்காரர் இன்னொரு விதமாகவும் படித்ததன் விளைவு.

தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லை, நாம் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ‘கோ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக எழுதலாம். யூனிகோடில் க-வுக்கு எண் 2965. அதற்குப் பின்னால் ஓகாரக் குறியை 3019 என்ற ஒரே எண்ணாக வைக்கலாம். அல்லது ஏகாரக் குறிக்கு 3015, காலுக்கு 3006 என்று இரண்டாகப் பிரித்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், யூனிகோடு விதிப்படியும் இரண்டும் ஒன்றுதான். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. எச்எஃப்எஸ் பிளஸ் எந்தப் பெயர் கொடுத்தாலும் பிரித்தே எழுதி வைத்தது. 2017-இல் அதன் இடத்துக்கு வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்தபடி எழுதி வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. லினக்ஸும் விண்டோஸும் எண்களை மட்டுமே பார்க்கும். அதனால் ஒரே ஃபோல்டரில் ‘கோவை’ என்று இரண்டு கோப்புகள் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்க முடியும். பழைய மேக்கிலிருந்து வந்த கோப்பு கண்ணெதிரே இருக்கும். அதன் பெயரைத் தட்டச்சு செய்து கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்று லினக்ஸ் சொல்லும்.

நீளத்திலும் நமக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. லினக்ஸில் வழக்கமான இஎக்ஸ்டி4 முறையில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட் வரை போகலாம். என்டிஎஃப்எஸ்ஸில் 255 யூடிஎஃப்-16 அலகுகள் வரை. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் லினக்ஸில் வழக்கமான யூடிஎஃப்-8 மூன்று பைட் எடுக்கும், என்டிஎஃப்எஸ்ஸின் யூடிஎஃப்-16 ஒரு அலகு. ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். லினக்ஸில் 15 பைட். ஆக விண்டோஸில் 255 குறிகள் கொள்ளும் பெயருக்கு லினக்ஸில் 85 குறிகளில் கதவு சாத்திவிடும். புத்தகத்தின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் எல்லாவற்றையும் சேர்த்துக் கோப்புக்குப் பெயர் வைக்கும் பழக்கமுள்ளவர்கள், அந்தத் தொகுப்பை லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது பெயர் நீளம் என்ற எரரைச் சந்திப்பது இதனால்தான்.

விண்டோஸுக்கும் அதன் பங்குக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. முழு வழியின் நீளம் 260-ஐத் தாண்டக் கூடாது என்பது நெடுநாள் வரம்பு. தாண்டுவதற்கு வழிகள் இருந்தாலும் அவற்றை நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். கான், ஆக்ஸ், நல் போன்றவை டாஸ் காலத்துச் சாதனங்களின் பெயர்கள். அவற்றைக் கோப்புக்கு வைப்பது வம்பு. பெயரின் கடைசியில் இருக்கும் புள்ளியையும் இடைவெளியையும் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிடும்.

இதுவரை பெயரைப் பார்த்தோம். கோப்புக்குள் எழுதுவதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வரி முடிந்தது என்று சொல்ல யூனிக்ஸ் 10 என்ற ஒரு பைட்டை எழுதும். விண்டோஸ் வழக்கம் 13, 10 என்று இரண்டு. விண்டோஸில் சி மொழி வழியாக ஒரு கோப்பை ‘உரை’ என்று சொல்லித் திறந்தால், எழுதும்போது ஒவ்வொரு 10-க்கு முன்னாலும் ஒரு 13-ஐச் சேர்க்கும், படிக்கும்போது கழற்றும். போதாக்குறைக்கு, 26 என்ற பைட்டைக் கண்டால் கோப்பு முடிந்தது என்று நிறுத்திவிடும். டாஸுக்கும் முந்தைய சிபி/எம் கோப்பின் நீளத்தை 128 பைட் கட்டுகளாக மட்டுமே கணக்கு வைத்திருந்தது. கடைசிக் கட்டில் உரை எங்கே முடிகிறது என்று காட்ட 26 தேவைப்பட்டது. அந்த அமைப்பு போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே எண்ணிச் செய்த வேலை ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், பிஎன்ஜி படம் எதையாவது எடுத்து முதல் எட்டு பைட்களைப் படியுங்கள்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் உள்ள 80, 78, 71 அதன் ஆங்கிலப் பெயரின் மூன்று எழுத்துகள். மற்ற ஐந்தும் பொறிகள். யாராவது வழியில் 13, 10 என்பதை 10 ஆகச் சுருக்கினால் தெரிந்துவிடும். கடைசியில் உள்ள தனி 10-ஐ 13, 10 என்று நீட்டினாலும் தெரிந்துவிடும். 26, யாராவது தெரியாமல் இதை டாஸ் திரையில் காட்டச் சொன்னால் அங்கேயே நிறுத்துவதற்கு. முதலில் உள்ள 137, பைட்டின் எட்டாவது பிட்டை வெட்டும் பழைய வழித்தடங்களைப் பிடிப்பதற்கு. விண்டோஸில் இந்தப் படத்தை ‘உரை’ என்று திறந்து படித்தால் எட்டு பைட்டில் ஐந்துதான் கைக்கு வரும். படத்தை மட்டுமல்ல, எதைத் திறந்தாலும் உரையா இருமமா என்று வெளிப்படையாகச் சொல்லித் திறப்பதே நல்ல பழக்கம். லினக்ஸில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

‘சேமி’ பொத்தானில் இன்னும் ஒரு படி பாக்கி. எழுதியாயிற்று என்று இயங்குதளம் சொன்னால், எழுத்து டிஸ்க்கில் இறங்கிவிட்டதாக அர்த்தம் இல்லை. மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டிருக்கும். டிஸ்க்கில் இறக்கு என்று தனியாகக் கேட்க வேண்டும். யூனிக்ஸில் அதற்கு எஃப்சிங்க், விண்டோஸில் ஃப்ளஷ்ஃபைல்பஃபர்ஸ். 2009 வாக்கில் இஎக்ஸ்டி4 பரவலானபோது, கேட்காமல் பெயரை மட்டும் மாற்றிய நிரல்களின் வேஷம் கலைந்தது: கரண்ட் போய் வந்தால் பெயர் புதிய கோப்பைக் காட்டும், அந்தக் கோப்பு பூஜ்யம் பைட்டில் இருக்கும். பதிவேட்டு வரி முதலில் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, உள்ளடக்கம் போகவில்லை. பிற்பாடு கெர்னலிலேயே இதற்கு ஒரு சமாதானம் செய்தார்கள். மேக்கில் எஃப்சிங்க் எழுத்தை டிஸ்க் வரைதான் கொண்டுபோகும். டிஸ்க் தனக்குள் இருக்கும் மெமரியிலேயே அதை வைத்துக்கொண்டிருக்கலாம். அதையும் இறக்க எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஒரே பெயருள்ள அழைப்பு, வேறு வேறு உத்தரவாதம்.

நிரலை வேறு இயங்குதளத்துக்கு மாற்றுகிறவர்கள் வழக்கமாக ஒரு அட்டவணை போடுவார்கள்: லினக்ஸில் இந்த அழைப்பு, அதற்குச் சமமாக விண்டோஸில் இந்த அழைப்பு. இவ்வளவு தூரம் வந்த பிறகு அந்த அட்டவணையின் குறை உங்களுக்கே தெரிந்திருக்கும். ரீநேமுக்கு ரீநேம் இருக்கிறது. ரீநேமை நம்பி நாம் வைத்திருந்த உத்தரவாதம் அங்கே இல்லை. அதனால் நிரலில் கோப்பைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் இப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும்: இந்த வரி எதை நம்பிக்கொண்டிருக்கிறது? திறந்திருக்கும் கோப்பை அழிக்க முடியும் என்றா, மாற்றிப் போடும்போது இடைவெளி இருக்காது என்றா, நான் கொடுத்த பெயரே திரும்பி வரும் என்றா? பதில்களை எழுதி வைத்துக்கொண்டால், அவற்றை விண்டோஸில் நிறைவேற்ற என்ன தேவை என்று தேடுவது சுலபம்.

எஸ்கியூலைட் செய்திருப்பது இதுதான். தரவுத்தளத்தின் பெரும்பகுதிக்குத் தான் எந்த இயங்குதளத்தில் இருக்கிறோம் என்றே தெரியாது. திற, படி, எழுது, டிஸ்க்கில் இறக்கு, பூட்டு, அழி என்று ஒரு சின்னப் பட்டியலை மட்டும் அது அறியும். அந்தப் பட்டியலை நிறைவேற்றும் அடுக்கு யூனிக்ஸுக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று. விண்டோஸ் அடுக்கில் காத்திருந்து முயலும் கணக்கு இருக்கிறது. யூனிக்ஸ் அடுக்குக்கு வேறு தலைவலி: ஒரே நிரல் ஒரு கோப்பை இரண்டு தடவை திறந்து, அதில் ஒன்றை மூடினால், அந்த நிரல் அந்தக் கோப்பின் மேல் போட்ட போசிக்ஸ் பூட்டுகள் எல்லாமே கழன்றுவிடும். அதனால் பூட்டு இருக்கும்வரை மூடாமல் தள்ளிப்போடும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. இந்தச் சங்கடங்கள் ஒன்றுகூட மேலே இருக்கும் நிரலுக்குத் தெரிவதில்லை. நிரல் முழுக்க ‘விண்டோஸ் என்றால் இப்படி’ என்று தூவி வைத்திருந்தால், அடுத்த வருஷம் வந்து படிக்கிறவருக்கு எது எதற்காக என்று பிரித்தறியவே முடியாது.

அந்த அடுக்கை எழுதி முடித்ததும் சோதிக்க நல்ல மெஷின் ஒன்று வேண்டும். நல்ல மெஷின் என்றால் புழக்கத்தில் இருக்கும் மெஷின். ஆன்டிவைரஸ் ஓடட்டும். நிரலை ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழத்தில் வையுங்கள். கோப்புக்கு நடுவில் இடைவெளியும் ஒரு ‘கோ’வும் இருக்கும்படி தமிழில் பெயர் வையுங்கள். அதே கோப்பை இன்னொரு நிரலில் திறந்து வைத்துக்கொண்டு ‘சேமி’யை அழுத்துங்கள். அழுத்தியது ஒரு முறை வேலை செய்தால் போதாது, இரண்டாவது முறையும் அழுத்திப் பாருங்கள்.